காலிக் கட்டம் பச்சை இல்லை

போன வாரம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் முத்துராஜ். நான் ஓய்வு பெற்ற பிறகு பட்டாசு ஆலையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர்.

“யக்கா, நல்லா இருக்கீகளா? ஒரு சின்ன சந்தேகம். நம்ம ரூம் போர்டு டேபிள்ல ஒவ்வொரு வரிசைக்கும் மூணு கண்டிஷன் போட்டு வச்சிருக்கீகளே, ரெண்டு போதும்லா? மருந்து மிச்சம் இருந்தா செவப்பு, இல்லேன்னா பச்சை. இப்ப புரோகிராம் எழுதித் தார ஆப் ஒண்ணு வந்திருக்கு. அதுவும் மூணாவது வேண்டாம்னுதான் சொல்லுது.”

அடுப்பில் தோசை கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, “முத்துராஜ், அந்த வரியில கை வச்சீகன்னா அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்து ஒங்க கையை ஒடிப்பேன்” என்று சொல்லி போனை வைத்தேன். தோசை கரிந்து போயிருந்தது. அதற்கும் சேர்த்து முத்துராஜைத் திட்டினேன்.

பிறகு யோசித்தால், அந்த மனிதர் மேல் என்ன தப்பு? அவர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று வரியை இரண்டு வரியாக்குவது எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அந்த மூன்றாவது வரி எப்படி வந்தது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. வாசலில் தினமும் ஒரு பெண் அவர் கண் முன்னால் நடமாடுகிறாள். அவள் கைக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவும் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்தக் கம்பெனியில் சில விஷயங்களைப் பேசக் கூடாது என்று எழுதாத சட்டம் உண்டு. நான் இப்போது அங்கே சம்பளம் வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் சண்முகக்கனி. ஊர் விருதுநகர். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டைப் செய்யப் போய், காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று வடிவமைத்து, இணையம் வந்ததும் அதைப் படித்துக்கொண்டு, கடைசியில் எம். புதுப்பட்டிப் பக்கம் உள்ள இந்தப் பட்டாசு ஆலையில் வலைப்பக்கம் செய்கிறவளாக வந்து சேர்ந்தேன். நடுவில் பட்ட பாட்டையெல்லாம் சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அச்சகம் எனக்குக் கொடுத்த ஒரே நல்ல பாடம் லேபிள். ஒரு லேபிளுக்குத்தான் அச்சு பிளாக் செய்வோம். அதே பிளாக் எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அடிக்கும். பிளாக்கில் ஒரு பிசிறு இருந்தால் அத்தனை லேபிளிலும் அந்தப் பிசிறு இருக்கும். வலைப்பக்கத்தில் டேபிள் போடுவதும் அதே கதைதான். ஒரே ஒரு வரிசையை டெம்ப்ளேட்டாக எழுதுவோம். பொருள் எத்தனை இருக்கிறதோ அத்தனை முறை அந்த வரிசை தானாகத் திரும்பத் திரும்ப வரும். லேபிளுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், வரிசைக்குள் கண்டிஷன் வைக்கலாம். இப்படி இருந்தால் இதைக் காட்டு, அப்படி இருந்தால் அதைக் காட்டு. அந்த ஒரு வரியில் புத்தி பிசகினால், எல்லா வரிசையிலும் பிசகும்.

முதலில் பிசகியது ஆர்டர் பக்கத்தில். தள்ளுபடி இல்லாத சரக்குக்குத் தள்ளுபடிக் கட்டம் எதற்கு என்று, வெளியிலிருந்து வந்து வேலை செய்த ஒருவர், அந்தக் கட்டத்தையே மறைக்கச் சொல்லி எழுதிவிட்டார். கட்டம் போனதும் அடுத்த கட்டம் இடது பக்கம் நகர்ந்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. தள்ளுபடித் தலைப்பின் கீழே பெட்டியின் எடை வந்து நின்றது. ஒரு வியாபாரி போன் போட்டு, “என்னம்மா, எடை கூடக்கூட தள்ளுபடியும் கூடுதே, லாரியோட வாங்கினா சும்மாவே தருவீகளா?” என்று சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். கட்டத்தை மறைக்கக் கூடாது, உள்ளே இருப்பதைத்தான் மாற்ற வேண்டும், காலியாக இருந்தால் ஏன் காலி என்பதையும் அந்தக் கட்டமே சொல்ல வேண்டும் என்று எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு விதி வைத்தேன். ஆர்டர் பக்கத்தில் மீறினால் சிரிப்பு வரும். ரூம் போர்டில் மீறினால் ஆள் போகும்.

ரூம் போர்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆலை என்பது ஒரே கட்டடம் அல்ல. பொட்டலில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் வெடித்தால் இன்னொன்றுக்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. மருந்து கலக்கும் அறை, குழாயில் மருந்து அடைக்கும் அறை, திரி வைக்கும் அறை என்று தனித்தனி. காலையில் பெண்கள் வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி, வாசல் தகரக் கொட்டகையில் நிற்பார்கள். முன்பு அங்கே ஒரு கரும்பலகை இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பெரிய டிவி ஒன்றை மாட்டினார்கள். அதில் ஓடிய டேபிள் நான் செய்தது. ஒரு அறைக்கு ஒரு வரிசை. அறை எண், வேலை, போர்மேன் பெயர், எத்தனை பேர், கடைசியாக ஒரு கட்டம்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் விஷயம். கலந்த மருந்தை அறையில் மிச்சம் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது தன்னால் சூடேறும். யாரும் தீ வைக்க வேண்டியதில்லை, தொட்டாலே போதும். அதனால் சாயந்தரம் வேலை முடிந்ததும் போர்மேன் அறை அறையாகப் போய், மிச்சத்தை அகற்றி, கழுவித் துடைத்தாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வாசல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மறுநாள் காலை அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பெண்கள் உள்ளே போவார்கள்.

ஆரம்பத்தில் மிச்சம் எவ்வளவு என்று போடச் சொல்லியிருந்தேன். இருந்தால் அளவு, இல்லை என்றால் சைபர். ஒரு சனிக்கிழமை பார்க்கிறேன், பாதிக்கு மேல் கட்டங்கள் காலி. எனக்கு வந்ததே கோபம். போர்மேன்கள் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டேன். மூத்தவர் கருப்பசாமி அண்ணன், எதற்கும் அசையாத ஆள்.

“சாயந்தரம் வேலை முடிச்சு வீட்டுக்குப் போற நேரத்துல சைபர் போடச் சொல்லுதீகளே, நல்லாவா இருக்கு? எங்க வீட்டுல அரிசி தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். இல்லைங்கிற வார்த்தையே வாயில வராது. ஒங்க வீட்டுல சொல்லுவீகளா?”

எங்கள் வீட்டிலும் சொல்ல மாட்டோம். எண்ணெய் தீர்ந்தால் எங்கள் அம்மா எண்ணெய் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லுவாள். விருதுநகர்க் கடைத்தெருவில் எந்த அண்ணாச்சியாவது ஒரு சரக்கை நேராக இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாளைக்கு வரும் என்பார், வந்துகொண்டிருக்கிறது என்பார். ஆக, சுத்தமான அறைக்குப் போர்மேன்கள் எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். பார்க்காத அறைக்கும் எதுவும் போடவில்லை. இரண்டும் காலி. எது எந்தக் காலி என்று டேபிளுக்கு எப்படித் தெரியும்?

அவர்களோடு சண்டை போட்டு சைபர் போட வைக்க முடியாது. அதனால் சைபரைத் தூக்கிவிட்டேன். பதிவு செய்யும் இடத்தில் இரண்டு பொத்தான் வைத்தேன். ஒன்று ‘மிச்சம்’. இன்னொன்று ‘நிறைவு’. அறையைக் கண்ணால் பார்த்து, துடைத்தாகிவிட்டது என்றால் நிறைவை அமுக்க வேண்டும். கருப்பசாமி அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இது நல்லாருக்கு தாயி. இதை எத்தன தடவ வேணாலும் அமுக்குதேன்” என்றார். வரிசை டெம்ப்ளேட்டில் மூன்று கண்டிஷன் எழுதினேன். மிச்சம் என்றால் சிவப்பு. நிறைவு என்றால் பச்சை. காலியாக இருந்தால் மஞ்சளில் ‘பார்க்கவில்லை, போகாதே’. ஒவ்வொரு நாளும் வேலை ஆரம்பித்ததும் கட்டங்கள் தானாகக் காலியாகிவிடும். மறுபடி சாயந்தரம் பார்த்தால்தான் பச்சை. அதுதான் முத்துராஜ் வேண்டாம் என்கிற மூன்றாவது.

கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு ஜெனரல் மேனேஜராகத் தனபாலன் வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை நினைத்தால் எனக்கு நிதானம் வராது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாரைப் பார்க்க வந்தாலும் உட்கார மாட்டார், நின்றுகொண்டே பேசுவார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். நாம் எது சொன்னாலும் “சரிதான்” என்பார். “நீங்க சொல்றது ரொம்பச் சரிதான்” என்று காபி வேறு வரவழைப்பார். நாம் காபியைக் குடித்துவிட்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போவோம். அவர் நினைத்ததை இன்னொரு வழியில் முடித்திருப்பார். என்னிடம் எதிர்த்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, பகை கிடையாது. இந்தச் ‘சரிதான்’ ஆட்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடிவதில்லை.

தீபாவளி சீசன் நெருங்கியது. லோடு ஏற்ற லாரிகள் வரிசையாக நின்றன. போர்மேன்கள் அவசரத்தில் சில அறைகளைப் பதியாமல் போய்விடுவார்கள். காலையில் மஞ்சள் வரும். மஞ்சள் வந்த அறைக்கு எந்தப் பெண்ணும் போக மாட்டாள். போர்மேன் வந்து பார்த்து, அமுக்கி, பச்சை வந்த பிறகுதான் போவாள். போகச் சொன்னாலும் போக மாட்டார்கள், அப்படிப் பழக்கியிருந்தோம். தனபாலன் என் மேஜைக்கு வந்து நின்று, கண்ணாடியைத் துடைத்தார்.

“கனியம்மா, நம்ம ஆளுக காலியா விட்டா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்? காலம் காலமா அப்படித்தான இருந்திருக்கு. பெரிய பெரிய பார்ட்டிக வாசல்ல வந்து நிக்கும்போது டிவி பூரா மஞ்சளும் செவப்புமாத் தெரிஞ்சா பாக்க நல்லாவா இருக்கு? காலியையும் பச்சையாக்கிருங்களேன்.”

“காலின்னா பாக்கலைன்னு அர்த்தம் சார். பாக்காத ரூமுக்குப் பச்சை போட்டா, உள்ள போறவளுக்கு நீங்களும் நானுமா பதில் சொல்லுவோம்? நான் செய்ய மாட்டேன். மஞ்சள் பிடிக்கலைன்னா போர்மேனை ஒழுங்காப் பாக்கச் சொல்லுங்க.”

“சரிதான். நீங்க சொல்றது ரொம்பச் சரிதான்” என்றார். காபி வந்தது. குடித்தேன்.

சில நாள் கழித்து, ஆலையின் வலைப்பக்கங்களுக்கெல்லாம் வெளியூர்க் கம்பெனி ஒன்று புது வடிவம் கொடுக்கிறது என்றார்கள். நிறம், எழுத்து, லோகோ மட்டும்தான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை நான் வேனை விட்டு இறங்கும்போது டிவியில் டேபிள் முழுக்கப் பச்சை. ஒரு மஞ்சள் இல்லை. ரொம்ப அழகாக இருந்தது. ஆனால் அப்படி இருக்க வழியே இல்லை. ஏனென்றால் கருப்பசாமி அண்ணன் வெள்ளிக்கிழமையே குடும்பத்தோடு இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடனுக்குப் போயிருந்தார். அவருடைய அறைகளைச் சனிக்கிழமை யார் பார்த்தது? ஞாயிறு முழுக்க மழை வேறு.

வாசல் ஆபீஸில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “கருப்பசாமி அண்ணன் வந்துட்டாகளா?”

“இன்னும் வரலைக்கா. இன்னைக்கு மத்தியானம்தான் வாராகளாம்.”

“அவுக ரூமுக்கு ஆள் போயிருச்சா?”

“பச்சைன்னு இருந்துச்சே. இப்பத்தான் போறாக.”

மணியை அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. மணி அடித்தது. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே கருப்பசாமி அண்ணனின் ஏழாம் அறையிலிருந்து ஒரு வெளிச்சமும் வெள்ளைப் புகையும் வந்தன.

அந்த அறையில் வேலை செய்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். முதலில் உள்ளே போனவள் பாண்டியம்மாள். தட்டில் மூடி வைத்திருந்த மருந்தைப் பார்த்து, சனிக்கிழமை மருந்து ஏன் இன்னும் இங்கே இருக்கிறது என்று மூடியைத் தூக்கியிருக்கிறாள். கையில் சூடு தெரிந்ததும், தான் ஓடுவதற்கு முன்னால் வாசலைப் பார்த்து, “ஓடுங்கடி” என்று கத்தியிருக்கிறாள். கத்திய அந்த நேரம்தான் அவளுக்கு ஓட இல்லாமல் போனது. மூன்று பேரும் பிழைத்தார்கள். அவளும் பிழைத்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து போயின.

மருந்து கொஞ்சமாக இருந்தது அவள் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். கை வெந்தவளுக்கு அதிர்ஷ்டமாம்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். அவர் முன்னால் தனபாலன், நின்றபடி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“போர்டுன்னு ஒண்ணு வச்சிருக்கோம் சார். அந்தம்மா பாக்காமப் போயிட்டாக. படிப்பு கம்மி, பாவம்.”

பாண்டியம்மாள் பத்தாவது படித்தவள். கொட்டகையில் மற்றவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவள். காலையில் யாருடைய அறை என்ன நிறம் என்று சத்தமாகச் சொல்லி அனுப்புகிறவளே அவள்தான். பார்க்காமல் போனாளாம்! ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “பச்சைன்னு போட்டிருந்துச்சுக்கா, போனேன்.”

விசாரணையில் நான் அதிகாரியை வாசல் கம்ப்யூட்டருக்குக் கூட்டிப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு அறையின் கட்டத்தில் இருந்ததை அழித்துக் காலியாக்கினேன். டிவியில் அந்த வரிசை பச்சையாக நின்றது. இன்னொரு அறையை அழித்தேன், அதுவும் பச்சை. பிறகு இல்லாத ஒரு அறையைப் புதிதாகச் சேர்த்தேன். இந்த உலகத்தில் கட்டவே கட்டாத அறை, சார், இதற்கும் உள்ளே போகலாம் என்று பச்சை காட்டுகிறது, பாருங்கள் என்றேன். மிச்சம் இருந்தால் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. வெளியூர்க்காரர்கள் எழுதியிருந்தது அவ்வளவுதான். அதை எழுதச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார்.

“சரிதான். அதைப் பாக்கணும் சார்” என்றார் தனபாலன்.

தனபாலன் வெட்கப்பட்டார், தலைகுனிந்தார் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் நடக்கவில்லை. ஆலையைக் கொஞ்ச நாள் மூடினார்கள். பழியைப் புது வடிவம் கொடுத்தவர்கள் தலையில் கட்டினார்கள். தனபாலனை விருதுநகர் ஹெட் ஆபீஸுக்கு மாற்றினார்கள், இன்னும் பெரிய அறைக்கு. என் ஓய்வு விழாவுக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மேடையில் வைத்து அதைக் கழற்றி நாற்காலி மேல் போட்டுவிட்டு வந்தேன். மரியாதை தெரியாதவள் என்று இன்னும் சொல்கிறார்களாம். சொல்லட்டும்.

எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பாண்டியம்மாள் பார்க்காமல் போனாள் என்ற பேச்சை விசாரணை அறிக்கையிலிருந்து நீக்க வைத்தேன். அதிகாரிக்குக் காட்டிய அன்று சாயந்தரமே மூன்றாவது கண்டிஷனைத் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகு நான் இருந்தவரை யாரும் அதைத் தொடவில்லை.

பாண்டியம்மாளின் விரல்கள் இப்போது பாதிதான் மடங்கும். குழாயில் மருந்து அடைக்க முடியாது. வாசல் கொட்டகையில் தண்ணீர், டீ பார்த்துக்கொள்கிறாள். டிவி அவள் தலைக்கு மேலேயே இருக்கிறது. அவள் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காலையில் வருகிற ஒவ்வொரு போர்மேனையும் நிறுத்தி, “அண்ணே, கண்ணால பாத்தீகளா?” என்று கேட்கிறாள். பாத்தேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் டீ.

தோசை கரிந்த மறுநாள் நானே முத்துராஜுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன்.

“நெதம் அவுக கையால டீ வாங்கிக் குடிக்கேன் யக்கா” என்றார். “என்ன ஏதுன்னு கேட்டதே இல்ல.”

“இப்பத் தெரிஞ்சுபோச்சுலா.”

“அந்த வரியை அழிக்க மாட்டேன் யக்கா. சத்தியமா.”

“நீங்க அழிக்க மாட்டீக. ஒங்களுக்குப் பெறகு வாரவன் அழிப்பான். இல்ல, ஒங்க ஆப் அழிக்கும். அதுக்கு டீ குடிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரைத் தொறங்க, நான் சொல்லச் சொல்ல அடிங்க.”

டெம்ப்ளேட்டில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி குறிப்பு எழுதி வைக்கலாம். திரையில் அது வராது, பார்க்க வருகிற பெரிய பார்ட்டிகளின் கண்ணை உறுத்தாது. மூன்றாவது கண்டிஷனுக்கு மேலே முத்துராஜை அடிக்க வைத்தேன்:

‘இந்த வரியை எடுப்பதாக இருந்தால், முதலில் வாசலில் இருக்கும் பாண்டியம்மாளிடம் போய், அவர் கையைப் பார்த்துக் கேட்டுவிட்டு எடுக்கவும்.’

தைரியம் இருக்கிறவன் போய்க் கேட்கட்டும்.